தூக்கத்தில் உடம்பு தூக்கிப் போடுகிறது: இது எதனால்?

இரவுப் பணியாளன்:

வணக்கம். மலேசியாவின் பினாங்கில் இருக்கிறேன். வீடு பிறையில், வேலை பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். வயது 41. இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு, 12 மணி நேர ஷிப்ட்.

மூன்று மாதமாக ஒரு தொல்லை. கண் சொக்கும் நேரம் பார்த்து உடம்பு தூக்கிப் போடுகிறது. மாடிப்படியில் ஒரு படியைக் காணாமல் காலை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. கை உதறுகிறது, நெஞ்சு படபடக்கிறது. சில நாள் நான்கைந்து முறை. இப்போது படுக்கப் போகவே பயமாக இருக்கிறது.

எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாய், தண்ணீர்மலை கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசி வா என்கிறார் அம்மா. போய் வந்தேன், மனதுக்கு நன்றாக இருந்தது, துள்ளல் மட்டும் நிற்கவில்லை. உடன் வேலை செய்பவர் இது நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி 80 ரிங்கிட்டுக்கு ஒரு டானிக் வாங்கித் தந்தார். ஒரு கிளினிக்கில் காட்டியபோது, இரண்டு நிமிடத்தில் "டென்ஷன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலிப்பா, இதயக் கோளாறா, என்னவென்றே தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்:

தம்பி, நீங்கள் சொல்வதை மட்டும் வைத்துப் பார்த்தால் பயப்பட வேண்டியதே இல்லை. இதை ஹிப்னிக் ஜெர்க் என்பார்கள், தூக்க வாசலில் வரும் துள்ளல். பத்துப் பேரில் ஆறேழு பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை உணர்ந்திருப்பார்கள். எனக்கும் உண்டு.

விழிப்பு ஒரே அடியாக அணைவதில்லை. மூளையின் அடியில், தண்டுப் பகுதியில், நம்மை விழிக்க வைக்கும் நரம்பு வலை ஒன்று இருக்கிறது. தூக்கம் வரும்போது அது மெல்ல மெல்லப் பிடியை விடுகிறது, தசைகளும் தளர்கின்றன. இந்தக் கைமாற்றத்தின் நடுவில் அந்த வலையிலிருந்து திடீரென ஒரு கட்டளை கீழே பாய்ந்தால் கையும் காலும் ஒரே சமயத்தில் துள்ளும். விழுவது போன்ற உணர்வும் அதோடு சேர்ந்தே வரும். கனவு அப்போதுதான் அரைகுறையாகத் தொடங்குகிறது, உடம்பின் குலுக்கலுக்கு ஏற்ற கதையை அது கட்டிவிடுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். மரக்கிளையில் தூங்கிய முன்னோர்கள் விழாமல் இருக்க வந்த பழக்கம் என்று சொல்பவர்களும் உண்டு. அது ஒரு ஊகம், நிரூபித்தவர் யாருமில்லை.

அதிகமாக வருவதற்கு நான்கைந்து காரணங்கள் தெரிந்தவை. தூக்கக் கடன், கவலை, கோப்பி, சிகரெட், படுப்பதற்குச் சற்று முன் கடுமையான உடற்பயிற்சி. இரவு ஷிப்டில் எத்தனை கோப்பி குடிக்கிறீர்கள்? கடைசிக் கோப்பி எத்தனை மணிக்கு?

இரவுப் பணியாளன்:

நான்கு, சில நாள் ஐந்து. கடைசி விடியற்காலை 5 மணி பிரேக்கில், கோப்பி-ஓ (பால் இல்லாத கோப்பி). வீடு வந்து 9 மணிக்குப் படுப்பேன்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்:

பாருங்கள். குடித்த காபீனில் பாதி ரத்தத்திலிருந்து நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். 5 மணிக்குக் குடித்ததில் பாதிக்கு மேல் நீங்கள் கண்ணை மூடும்போது உள்ளே விழித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் குடித்த மூன்றின் மிச்சமும் சேரும். கடைசிக் கோப்பியை நள்ளிரவு 1 மணிக்கு நகர்த்துங்கள். இன்னொன்று, துள்ளல் வருமோ என்ற பயத்தோடு படுத்தால் உடம்பு காவலுக்கு நிற்கும். காவலுக்கு நிற்கும் உடம்பு இன்னும் துள்ளும். டானிக்கை நிறுத்திவிடுங்கள். இன்றைய மருத்துவப் புத்தகத்தில் நரம்புத் தளர்ச்சி என்று ஒரு நோய் இல்லை. நம் மக்களிடம் அந்த ஒரு சொல்லை வைத்து எவ்வளவு பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

டயாலிசிஸ் தாதி:

சார் சொன்னது சரி. ஆனாலும் தம்பி, இத்தோடு முடிவு கட்டிவிட வேண்டாம். நான் 19 ஆண்டாக டயாலிசிஸ் பிரிவில் தாதியாக இருக்கிறேன். துள்ளலில் முதலில் கேட்க வேண்டியது எப்போது என்பது. தூங்கப் போகும்போதா, தூங்கிய பிறகா, எழுந்த பிறகா? தூங்கிய பிறகு நடப்பது தூங்குபவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். உங்கள் மனைவியிடம் கேளுங்கள். முடிந்தால் ஓர் இரவு கைத்தொலைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். போர்வை காலில் இருக்கக் கூடாது.

இன்னும் இரண்டு கேள்வி. தூக்கத்துக்காகவோ வேறு எதற்காகவோ என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? சாயங்காலத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் காலில் ஏதாவது செய்கிறதா?

இரவுப் பணியாளன்:

அக்கா, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. மனைவியிடம் கேட்டேன். "நீங்கள் தூங்கின பிறகு உதைக்கிறீர்களே, அது தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியவே தெரியாது. நேற்று விடுமுறை, இரவில் படம் பிடித்தாள். வலது கால் கட்டைவிரல் மேலே நிமிர்கிறது, பாதம் வளைகிறது, முழங்கால் மடங்குகிறது, விட்டுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். 25, 30, 28 வினாடி. முக்கால் மணி நேரம் இப்படியே போகிறது. என் காலை நானே பார்க்க யாரோ ஒருவருடைய கால் போல இருந்தது.

மாத்திரை: பகலில் தூக்கம் வராத நாளில் சளிக்குக் கொடுக்கும் மஞ்சள் மாத்திரை ஒன்று போடுவேன். மயக்கம் வரும். இப்போது வாரத்தில் நான்கு நாள் ஆகிவிட்டது.

சாயங்காலம் கால் குடைச்சல் உண்டு. ஷிப்டுக்கு முன் மீட்டிங்கில் அரை மணி நேரம் உட்கார முடியாது. எழுந்து நடந்தால் சரியாகிவிடும்.

இதையும் எழுதிவிடுகிறேன். போன மாதம் ஒரு காலை, இரவு ஷிப்ட் முடித்து மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தில் வரும்போது இதே துள்ளல் வந்தது. ஹேண்டில் ஆடிவிட்டது. மனைவிக்கு இது தெரியாது.

பட்டர்வொர்த் ஓட்டுநர்:

தம்பி, நான் லோரி ஓட்டி 26 ஆண்டு. கோபித்துக்கொள்ளாதே. மோட்டாரில் துள்ளல் வந்தது என்றால் நீ மோட்டாரில் தூங்கிவிட்டாய் என்று அர்த்தம். துள்ளல்தான் உன்னை எழுப்பியிருக்கிறது. அந்தப் பாலம் 13 கிலோமீட்டருக்கு மேல், கடல் காற்று, பக்கத்திலேயே லோரிகள். அடுத்த முறை துள்ளல் வரும் என்று யார் சொன்னது? தொழிற்சாலை பஸ் இருந்தால் நாளையிலிருந்து அதில் வா. இல்லை என்றால் ஷிப்ட் முடிந்ததும் ஓய்வறையில் 20 நிமிடம் தலையைச் சாய்த்துவிட்டுக் கிளம்பு. மனைவியிடம் இன்றைக்கே சொல்.

டயாலிசிஸ் தாதி:

அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இப்போது கால். உங்கள் மனைவி பிடித்த படத்தில் இருப்பது வாசலில் வரும் துள்ளல் இல்லை, அது வேறு. வாசல் துள்ளல் ஒழுங்கே இல்லாமல் வரும், உடம்பு முழுவதும் குலுங்கும், உங்களை எழுப்பும். இது தூங்கிய பிறகு, ஒரே காலிலோ இரண்டு காலிலுமோ, தாளம் போட்டது போல 20 முதல் 40 வினாடிக்கு ஒருமுறை வரும். தூக்கத்தில் வரும் காலமுறை கை கால் அசைவு என்று இதற்குப் பெயர். கட்டைவிரல், பாதம், முழங்கால் என்று நீங்கள் எழுதிய வரிசை அப்படியே பாடம் எடுப்பது போல இருக்கிறது. இரவின் முதல் பாதியில்தான் அதிகம். பரிசோதனைக் கூடத்தில் முன்காலில் வயர் ஒட்டி எண்ணுவார்கள், பெரியவர்களுக்கு மணிக்கு 15க்கு மேல் போனால் அதிகம் என்று கணக்கு. வயதானவர்கள் பலருக்கு இது இருந்தும் ஒரு தொந்தரவும் இருக்காது. தூக்கம் கெட்டால்தான் வைத்தியம்.

ஆனால் உங்களுக்கு சாயங்காலக் குடைச்சலும் இருக்கிறதே. அதுதான் பெரிய துப்பு. ஓய்வாக இருக்கும்போது காலை அசைக்கச் சொல்லி ஒரு நச்சரிப்பு, பொழுது சாய்ந்தால் அதிகம், நடந்தால் குறையும். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்பது இதுதான். இது உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குத் தூக்கத்தில் கால் உதைப்பும் இருக்கும். புது நோய் ஒன்றும் இல்லை. 1672லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதியிருக்கிறார். 1945ல் சுவீடனின் எக்போம் இதற்குப் பெயர் வைத்தார். நம் வீடுகளில் அதற்கும் முன்பே பெயர் உண்டு. நான் வளர்ந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். என் பாட்டி பால்மரம் வெட்டிவிட்டு வந்து ராத்திரியில் "கால் குடையுது, கொஞ்சம் ஏறி மிதி கண்ணு" என்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் கெண்டைக்கால் மேல் நடப்பேன். எட்டுப் பிள்ளை பெற்றவர். அவர் உடம்பில் இரும்பு எங்கே மிஞ்சியிருக்கும் என்று தாதியான பிறகுதான் யோசித்தேன்.

ஆமாம், இரும்புச்சத்து. மூளை டோபமைன் என்ற ரசாயனத்தைத் தயாரிக்க இரும்பு வேண்டும், கால் அசைவைக் கட்டுப்படுத்த டோபமைன் வேண்டும். அதனால் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். அது உடம்பின் இரும்புக் கிடங்கு. இந்த நோய்க்கு ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்ப்பார்கள். கூடவே சிறுநீரகமும் சர்க்கரையும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இந்தக் குடைச்சல் மிக அதிகம். நாலு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் காலை நீட்டி உட்காரவே முடியாமல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், அந்த மஞ்சள் மாத்திரை. சளிக்கான பழைய வகை மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், ஆனால் கால் குடைச்சலைக் கூட்டும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் வாந்தி மாத்திரை ஒன்றும் அப்படித்தான். சளி மாத்திரையை நீங்களே நிறுத்தலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை எதையும் யாரும் தானாக நிறுத்த வேண்டாம், கேட்டு மாற்றுங்கள்.

பாயான் பாரு நண்பர்:

இவ்வளவு எதற்கு? மெக்னீசியம் மாத்திரை போடுங்கள். எனக்குக் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், ஒரு மாதத்தில் போய்விட்டது.

டயாலிசிஸ் தாதி:

உங்களுக்குச் சரியானதில் சந்தோஷம். ஆனால் உங்களுக்கு வந்தது குறண்டல். தசை கல் மாதிரி இறுகும், வலி உயிர் போகும், நீட்டி விட்டால் விடும். தம்பிக்கு வலியே இல்லை. குறண்டலுக்கே மெக்னீசியம் எல்லோருக்கும் கேட்பதில்லை. சிறுநீரகம் பழுதானவர் போட்டால் அது உடம்பில் தேங்கி ஆபத்தாகும். நம் மக்களில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர், சிறுநீரகம் கெட்டது தெரியாமலே இருப்பவர்கள் எத்தனை பேர். தயவுசெய்து பார்க்காமல் சொல்லாதீர்கள்.

பாயான் பாரு நண்பர்:

சரி அக்கா. என் அப்பாவும் இதைத்தான் போடுகிறார், அவருக்குச் சர்க்கரை உண்டு. நாளைக்கே சிறுநீரகம் பார்க்கச் சொல்கிறேன்.

ஆயர் ஈத்தாம் அம்மா:

எழுந்த பிறகு வரும் துள்ளலைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். என் மகளுக்கு 15 வயதில் தொடங்கியது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது கையில் இருக்கும் மைலோ தானாகத் தெறிக்கும். பல் தேய்க்கும்போது பிரஷ் பறக்கும். நாங்கள் திட்டினோம். கவனம் இல்லை, இரவெல்லாம் தொலைபேசி பார்க்கிறாய் என்று. அந்தத் திட்டு இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. தேர்வுக்குக் கண் விழித்துப் படித்த மறுநாள் காலை, குளியலறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தாள்.

ஜுவனைல் மயோகுளோனிக் எபிலெப்சி என்ற வலிப்பு வகை என்றார் நரம்பியல் மருத்துவர். பதின்ம வயதில் வரும், எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் கை துள்ளும், தூக்கம் கெட்டால் அதிகமாகும். "காலையில் கையிலிருந்து பொருள் தெறிக்கிறதா?" என்று அவர் கேட்டபோதுதான் எங்களுக்கு எல்லாம் விளங்கியது. அதற்கு முன் பார்த்த இடத்தில் இதை யாரும் கேட்கவும் இல்லை, சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. வலிப்பு மாத்திரை எல்லாம் ஒன்றல்ல. சில மாத்திரைகள் இந்த வகையை மோசமாக்கும். நன்றாகக் கேட்கும் ஒன்று, பின்னாளில் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்பதால் பெண் பிள்ளைகளுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். இப்போது அவளுக்கு 19. மாத்திரை, நேரத்துக்குத் தூக்கம், இரண்டும் தவறுவதில்லை. இரண்டு ஆண்டாக ஒன்றும் இல்லை.

புது அப்பா:

இதைப் படித்துவிட்டு எனக்குக் கை நடுங்குகிறது. எங்கள் பையனுக்கு மூன்று வாரம். தூங்கும்போது இரண்டு கையும் வெட்டி வெட்டி இழுக்கிறது. வலிப்பா? தூக்கத்தில் சிரித்தால் நரி விரட்டுகிறது என்கிறார் மாமியார், இதற்கு அவரிடமும் பதில் இல்லை.

டயாலிசிஸ் தாதி:

எழுப்பினால் நின்றுவிடுகிறதா?

புது அப்பா:

தூக்கி எடுத்தால் உடனே நிற்கிறது. விழித்திருக்கும்போது ஒருமுறைகூட வந்ததில்லை. நன்றாகப் பால் குடிக்கிறான்.

டயாலிசிஸ் தாதி:

அப்படியென்றால் பெரும்பாலும் பிறந்த குழந்தைகளின் தூக்கத் துள்ளல், தீங்கில்லாதது. தூக்கத்தில் மட்டும் வரும், எழுப்பினால் நிற்கும், சில மாதத்தில் தானாகப் போகும். அமுக்கிப் பிடிக்காதீர்கள், அதனால் அதிகமாகலாம். படம் பிடித்து அடுத்த பரிசோதனையில் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மூன்று மாதத்திலிருந்து எட்டு மாதம் வரையான வயதில், தூங்கி எழுந்ததும் தலை கவிழ்ந்து கை இரண்டும் முன்னால் வர, கும்பிடு போடுவது போல வரிசையாக வரும் ஒன்று உண்டு. அது வேறு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும். 1841ல் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் சொந்தக் குழந்தைக்கு வந்ததைப் பார்த்து, யாருக்காவது தெரியுமா என்று மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். அதனால்தான் அந்த நோய்க்கு அவர் பெயர். படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். நம்மைப் போல அவரும் ஒரு தகப்பனாகத்தான் கேட்டார்.

ஜார்ஜ்டவுன் பாட்டி:

என் கணவருக்கு 68 வயது. இரண்டு ஆண்டாக விடியற்காலை நேரத்தில் தூக்கத்திலேயே கத்துகிறார், குத்துகிறார். போன வாரம் என் கன்னத்தில் அடி. எழுப்பிக் கேட்டால் நாய் துரத்தியது, விரட்டினேன் என்கிறார். இதுவரை என் மேல் கை வைக்காத மனிதர். அவமானமாக நினைத்துப் பிள்ளைகளிடம்கூட நான் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்:

அம்மா, இதில் அவமானம் எதுவும் இல்லை. அவர் உங்களை அடிக்கவில்லை, நாயை அடித்தார். கனவு காணும் தூக்கத்தில் மூளை நம் தசைகளைக் கட்டிப்போடும். அதனால்தான் கனவில் ஓடினாலும் படுக்கையில் கிடக்கிறோம். அந்தக் கட்டு அவிழ்ந்துபோனால் கனவு கை கால் வழியே வெளியே வரும். கனவுத் தூக்கம் விடியற்காலையில் அதிகம், நேரமும் பொருந்துகிறது. 1986ல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஷெங்க், மஹோவால்டு என்ற மருத்துவர்கள் இதை ஒரு தனி நோயாக எழுதினார்கள்.

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. இந்தக் கோளாறு உள்ள பெரியவர்களில் பலருக்குப் பல ஆண்டு கழித்துப் பார்க்கின்சன் (நடுக்குவாதம்) போன்ற நோய் வருகிறது. அவருக்கு வாசனை தெரிவது குறைந்ததா, மலச்சிக்கல் உண்டா என்று கவனியுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் அவசியம் போங்கள், அடிப்பதைக் குறைக்க மருந்து உண்டு. அதுவரை மெத்தையைத் தரையில் போடுங்கள். கட்டில் பக்கத்தில் கண்ணாடி, விளக்கு எதுவும் வேண்டாம். நீங்கள் வேறு அறையில் படுங்கள். குறட்டை விட்டு மூச்சு நின்று திணறுபவர்களும் இப்படிக் கை கால் உதறுவது உண்டு, அதையும் கேட்பார்கள்.

ஜார்ஜ்டவுன் பாட்டி:

வாசனை தெரியவில்லை என்று சொல்லி மூன்று ஆண்டு ஆகிறது. ரசம் தாளித்தால்கூடத் தெரியாது. நாளை மகளிடம் சொல்கிறேன் ஐயா.

இரவுப் பணியாளன் (ஆறு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

அன்றே மனைவியிடம் பாலத்தில் நடந்ததைச் சொன்னேன். அழுதாள். மறுநாளிலிருந்து தொழிற்சாலை பஸ். 1 மணிக்கு மேல் கோப்பி இல்லை, சளி மாத்திரை நிறுத்தியாயிற்று. முதல் வாரம் தூக்கமே இல்லாமல் தவித்தேன், பிறகு பழகிவிட்டது. கண் மூடும்போது வரும் துள்ளல் இப்போது வாரத்துக்கு ஒருமுறை, வந்தாலும் ஓ, இதுதானா என்று திரும்பிப் படுத்துவிடுகிறேன்.

அரசாங்கக் கிளினிக்கில் படத்தைக் காட்டினேன். மருத்துவர் இரண்டு முறை பார்த்தார். சர்க்கரை, சிறுநீரகம் சரி. ஹீமோகுளோபின் 13.2, பயப்பட ஒன்றும் இல்லை என்ற அளவுதான். ஃபெரிட்டின் கேட்டு எடுத்தோம், 14. கிடங்கு காலி.

ஆண் ஒருவருக்கு இரும்பு இப்படி வற்றினால் எங்கேயோ ரத்தம் போகிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். எனக்கு மூலம் இருக்கிறது, இரண்டு ஆண்டாக ரத்தம் போகிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் என்று தானாக முடிவு செய்யக் கூடாது என்று சொல்லி, குடலைக் கேமரா விட்டுப் பார்க்க மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் 9ஆம் தேதி.

இரும்பு மாத்திரையை ஆரஞ்சுப் பழத்தோடு போடுகிறேன். தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) இரும்பை உடம்பில் சேரவிடாதாம், அதனால் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுகிறேன். கிடங்கு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். மீட்டிங்கில் இப்போது அரை மணி நேரம் உட்கார முடிகிறது. முந்தாநாள் மனைவி மறுபடியும் படம் பிடித்தாள், உதைப்பு இருக்கிறது, ஆனால் 20 நிமிடத்தில் நின்றுவிட்டது.

பாட்டி, ஐயாவுக்கு மருத்துவர் என்ன சொன்னார்?

ஜார்ஜ்டவுன் பாட்டி:

புதன்கிழமைதான் தேதி கிடைத்திருக்கிறது தம்பி. மகள் கூட வருகிறாள். போய் வந்து எழுதுகிறேன்.